கஞ்சிக்கடை வாசலில் ஒரு சரம்

ஒரு காட்டில் சாப்பாட்டுத் தெரு ஒன்று இருந்தது. காட்டில் ஏது தெரு என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. ஆற்றங்கரையில் ஏழெட்டு மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. விலங்குகள் நடந்து நடந்து நடுவில் புல் தேய்ந்து போயிருந்தது. தெரு என்றால் அவ்வளவுதானே?

அந்தக் காட்டில் காசு கிடையாது. குன்றிமணிதான் காசு. கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கமும் இருந்தது. ஒருவர் சாப்பிட எத்தனை குன்றிமணி விலையோ, அத்தனையையும் நூலில் கோத்துச் சரமாக வாசலில் தொங்கவிட வேண்டும். சரம் நீளமாக இருந்தால் விலை அதிகம். குட்டையாக இருந்தால் விலை குறைவு.

இந்த வழக்கம் வந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. முன்பெல்லாம் விலங்குகள் தெருமுனையில் நின்று மூக்கை நீட்டும். எந்தக் கடையிலிருந்து நல்ல வாசனை வருகிறதோ, அந்தக் கடைக்குப் போகும். இப்போது யாரும் மூக்கை நீட்டுவதில்லை. கழுத்தை நீட்டிச் சரத்தைப் பார்த்தார்கள். காட்டுப்பன்றியைப் பாருங்கள், மண்ணுக்குள் முழ ஆழத்தில் இருக்கும் கிழங்கை மோப்பம் பிடிக்கிற மூக்கு அதற்கு. அதுவும் சரத்தைத்தான் பார்த்தது!

தெருவின் கடைசியில் நாவல் மரத்தடியில் ஒரு முள்ளம்பன்றி கடை வைத்திருந்தாள். அவள் பெயர் வேலம்மா. தினைக் கஞ்சியும் பிரண்டைத் துவையலும்தான் அவள் கடைச் சாப்பாடு.

பிரண்டை லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. நார் உரிக்க வேண்டும். எண்ணெயில் நிறம் மாறும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். புளியும் மிளகும் வைத்து அரைக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் சாப்பிட்டவர்களின் தொண்டையை அரித்து எடுத்துவிடும். வேலம்மா அவசரப்படவே மாட்டாள். அவள் துவையலைத் தொட்டு ஒரு வாய் கஞ்சி குடித்தால், பசி இல்லாதவனுக்கும் பசிக்கும்.

அவள் வாசலில் தொங்கிய சரத்தில் இரண்டே இரண்டு குன்றிமணி. தினை மலைச்சரிவில் விளைகிறது, பிரண்டை புதரில் படர்கிறது, இதற்கு இரண்டு போதும் என்பது அவள் எண்ணம்.

இரண்டைப் பார்த்த விலங்குகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. துருவி மட்டும் தினமும் வருவாள். துருவி ஒரு கீரி. எதையும் துருவித் துருவிக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டாள், போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒருநாள் கரடியார் சடையாண்டி அந்தப் பக்கம் வந்தார். தெருவில் யாருக்கு எந்த மரத்தடி என்று முடிவு செய்கிறவர் அவர்தான். சாப்பாட்டில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பும் அவருக்கு உண்டு.

"ஏம்மா வேலம்மா, உன் கடையில ஈ கூட உக்காரலையே" என்றார்.

"வருவாங்க ஐயா. ருசி தெரிஞ்சா வருவாங்க."

"பௌர்ணமிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அன்னிக்கு வந்து பார்ப்பேன். கடை தேறாதுன்னு எனக்குப் பட்டா, நாவல் மரத்தடியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

போன மழைக்காலத்தில் ஆறு பெருகி வேலம்மாவின் வளையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பும் வீடும் இப்போது இந்த மரத்தடிதான். இதுவும் போனால் அவள் எங்கே போவாள்?

"ஐயா, ஒரே ஒரு தொன்னை குடிச்சுப் பாருங்களேன்" என்று கெஞ்சினாள்.

கரடியார் சரத்தை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டா? ரெண்டு குன்றிமணிக்கு அப்படி என்னத்தைப் போட்டிருக்கப் போறே?" என்று சொல்லிவிட்டு, எதிரே பாறை உச்சியில் எட்டு குன்றிமணி தொங்கிய மந்தியின் கடையைப் பார்த்து நடையைக் கட்டினார்.

வேலம்மாவின் கண் கலங்கியது. ஓரமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த துருவி தொன்னையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். நாக்கு சரத்தைப் பார்க்குமா?"

"என்ன கேள்வி துருவி இது? நானே நொந்து போயிருக்கேன்."

"இல்லக்கா. கரடி ஐயா கஞ்சியைத் தொடல. மோந்து கூடப் பார்க்கல. நல்லா இருக்காதுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? சரத்தைப் பார்த்துத்தானே? அப்ப நாளைக்கு இதே கஞ்சிக்குப் பத்து குன்றிமணி கட்டுங்க. அவர் நாக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

"பத்தா! அநியாயம்டி. ரெண்டு பெறாத கஞ்சின்னு சொல்லிட்டுப் போறாரு, அதுக்குப் பத்தா?"

"பௌர்ணமி வரைக்கும்தான் அக்கா. கஞ்சியில ஒரு துளி மாத்த வேண்டாம்."

வேலம்மா வெகுநேரம் யோசித்தாள். கடைசியில், போகப் போகிற மரத்தை நினைத்துக்கொண்டு சரி என்றாள்.

மறுநாள் காலை நாவல் மரத்தடியில் பத்து குன்றிமணிச் சரம் தொங்கியது. தெருவிலேயே அதுதான் நீளம். முதலில் காட்டுப்பன்றி நின்றது. பிறகு நரி நின்றது. அதற்குப் பின்னால் மான்கள் நின்றன. உச்சிவேளைக்குள் உட்கார இடமில்லை.

கரடியாரும் வந்தார். சரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணினார். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! இதுல்ல கஞ்சி! இத்தனை நாளா இதை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"இதேதான் ஐயா நேத்தும் இருந்துச்சு" என்றாள் வேலம்மா.

"சும்மா சொல்லாதே. நேத்து இருந்தது ரெண்டு குன்றிமணிக் கஞ்சி. எனக்குத் தெரியாதா?" என்றார் கரடியார். போகும்போது, "மரத்தடி உனக்குத்தான். பௌர்ணமியன்னிக்கு வந்து நாலு பேர் முன்னால சொல்லிடறேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துருவிக்கோ தலை சுற்றியது. அதே பானை, அதே அகப்பை, அதே கஞ்சி. இந்தச் சரம் இங்கே மட்டும்தான் பொய் சொல்கிறதா, எல்லாக் கடையிலும் பொய் சொல்கிறதா? அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தெரு முழுக்கப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

முதலில் பாறை உச்சிக்கு ஏறினாள். மந்தி கொடுத்த பலாச்சுளை தேனாக இனித்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எட்டு எதுக்கு அக்கா?" என்று கேட்டாள்.

"பழத்துக்கு ரெண்டுதான்" என்றது மந்தி. "அதை இந்த உச்சிக்குத் தூக்கிட்டு வர்றேன் பாரு, அதுக்கு ஆறு. கீழேயே கடை போட்டா ரெண்டுக்குக் கொடுப்பேன். ஆனா பாறை மேல உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்படறாங்களே!"

"அப்ப அந்த ஆறு மணி பழத்துக்கு இல்ல, அதை மேல தூக்கிட்டு வந்ததுக்குக் கொடுத்திருக்கேன்" என்று துருவி தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

அடுத்து ஒற்றைக் குன்றிமணி தொங்கிய பெருச்சாளி கடைக்குப் போனாள். குறைந்த விலைக்காரர்தான் யோக்கியமாக இருப்பார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. அங்கே கொடுத்த கிழங்கு ஊசிப்போய் நூல் விட்டது. வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு ஓடினாள். பக்கத்திலேயே அணில் கடை. அங்கேயும் ஒற்றைக் குன்றிமணிதான். ஆனால் இலந்தைப் பழம் அன்று காலையில் பறித்தது, ஒரு பழத்தில் கூடப் புழு இல்லை.

துருவி ஆற்றங்கரையில் உட்கார்ந்து வாலைக் கடித்துக்கொண்டாள். நீளச் சரத்திலும் நல்லது இருக்கிறது. குட்டைச் சரத்திலும் நல்லது இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. அப்படியானால் அந்தச் சரம் என்னதான் சொல்கிறது? இதற்கு விடை கண்டுபிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அவள் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் வேலம்மா கடையில் என்ன நடந்தது தெரியுமா?

கூட்டம் நாளுக்கு நாள் கூடியது. இரண்டு கையால் எவ்வளவுதான் நார் உரிப்பது? மூன்றாம் நாள் வேலம்மா பாதிப் பிரண்டைக்கு நார் உரித்தாள், பாதியை அப்படியே போட்டாள். நிறம் மாறும் முன்பே சட்டியை இறக்கினாள். கஞ்சியிலும் ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினாள். "அவசரத்துக்குப் பாவமில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாவம்தான், குழந்தைகளே. எனக்கு அவள் மேல் கோபம்தான்.

காட்டுப்பன்றி ஒரு வாய் சாப்பிட்டது. தொண்டையைச் செருமியது. இன்னொரு முறை செருமியது. "என்ன இது, உள்ளே குறுகுறுங்குது..." என்று ஆரம்பித்து, சரத்தை நிமிர்ந்து பார்த்தது. உடனே குரலைத் தணித்துக்கொண்டு, "பத்து குன்றிமணிச் சாப்பாடுன்னா இப்படித்தான் இருக்கும் போல" என்றது.

கரடியார் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "உனக்கு என்ன தெரியும்? அந்தக் குறுகுறுப்புதான் இதுல விசேஷம்! மட்டமான துவையல்ல இது வருமா?" என்றார்.

"ஆமாமா, வராது!" என்று கழுத்தைச் சொறிந்தது நரி.

"வரவே வராது!" என்று மரத்தில் முதுகை உரசியது மான்.

கடை முழுக்கச் சொறிந்துகொண்டே புகழ்ந்தார்கள். உள்ளே இருந்த வேலம்மாவின் காதில் புகழ்ச்சி மட்டும் விழுந்தது. நல்லாத்தானே இருக்காம் என்று நினைத்துக்கொண்டாள். நான்காம் நாள் நாரை உரிக்கவே இல்லை.

அன்று மந்தையன் சாப்பிட வந்திருந்தான். மந்தையன் ஒரு காட்டெருமை. உடம்பைப் போலவே பேச்சும் கனம். ஒரு வார்த்தை வர ஒரு நாழிகை ஆகும். சரம் மாறிய முதல் நாளும் வந்து சாப்பிட்டிருந்தான். இன்று சாப்பிடும்போது அவன் தொண்டையும் குறுகுறுத்தது. சுற்றிலும் எல்லோரும் ஆகா என்றார்கள். அவனும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் திரும்பி வந்தான். கடை காலியாக இருந்தது. வேலம்மா பானை கழுவிக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றி முடித்த துருவி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி" என்றான் மந்தையன்.

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு உன் கடையில சாப்பிட்டுட்டுப் போய் எங்க வேங்கை மரத்தடியில படுத்து அசை போட்டேன். அமிர்தமா இருந்துச்சு. இன்னிக்கும் போய் அசை போட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தொண்டையை அறுக்குது. கஞ்சி வெறும் தண்ணி."

வேலம்மாவின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. "இங்க சாப்பிடும்போது நல்லா இருக்குன்னு தலையாட்டுனீங்களே அண்ணே?"

"ஆட்டினேன்" என்று மந்தையன் ஒப்புக்கொண்டான். "இங்க கண்ணு முன்னால பத்து தொங்குச்சு. எங்க வேங்கை மரத்துல ஒண்ணும் தொங்கலையே. வயித்துல இருந்து மேல வந்தப்ப வெறும் சாப்பாடு மட்டும்தான் வந்துச்சு. கூடவே சரம் வரல."

துருவி துள்ளிக் குதித்தாள். "அண்ணே! நாலு நாளா இதைத்தான் தேடிட்டு இருக்கேன்! சரம் உள்ளே போகாது. அது வெளியிலயே தொங்கிட்டு நின்னுடும்!"

வேலம்மா சட்டியில் மிச்சமிருந்த துவையலை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். இரண்டு நாளாக அவள் ருசி பார்க்கவே இல்லை. புகழ்ச்சியே போதும் என்று விட்டுவிட்டாள். இப்போது தொண்டை அரித்தது. கண்ணில் நீர் வந்தது. அது பிரண்டையால் மட்டும் வந்த நீர் இல்லை. அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"இந்தாங்கண்ணே, உங்க பத்து" என்று குன்றிமணியை நீட்டினாள்.

"அது கிடக்கட்டும். பிரண்டையை நல்லா வதக்கு" என்று சொல்லிவிட்டு மந்தையன் போய்விட்டான்.

வேலம்மா சட்டியை ஆற்றோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். திரும்பி வந்து வாசலில் தொங்கிய சரத்தை அறுத்தாள்.

துருவி பதறிப்போனாள். "அக்கா! நாளைக்குப் பௌர்ணமி! கரடி ஐயா வந்து சரத்தைத்தான் பார்ப்பாரு. மரம் கைக்கு வந்த மாதிரிதான். ஒரே ஒரு நாள் பொறுங்க."

"இந்தச் சரம் தொங்கினா நான் எதைப் போட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க துருவி. அப்புறம் நான் எதுக்கு ஒழுங்கா சமைக்கணும்? எனக்கே பயமா இருக்கு."

"சரி, பழையபடி ரெண்டையாவது கட்டுங்க."

"ரெண்டைக் கட்டினா வாயில வைக்கவே மாட்டாங்க. ஒண்ணும் வேண்டாம். நாக்கால பார்க்கட்டும். மரம் போனா போகட்டும்."

மறுநாள் விடியும் முன்பே எழுந்து ஒவ்வொரு பிரண்டையாக நார் உரித்தாள். நிறம் மாறும் வரை வதக்கினாள். ருசி பார்த்தாள். பிறகு வாசலில் வந்து நின்று, "நேத்தும் முந்தாநேத்தும் யார் யாருக்குத் தொண்டை அரிச்சுதோ அவங்க எல்லாரும் இன்னிக்குச் சும்மா சாப்பிடலாம்" என்று சத்தமாகச் சொன்னாள்.

சாப்பிட ஒருவரும் முன்வரவில்லை. காட்டுப்பன்றி ஆற்றைப் பார்த்தது. நரி ஆகாயத்தைப் பார்த்தது. அரித்ததை ஒப்புக்கொள்ள யாருக்கு வாய் வரும்?

எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். சரத்தைக் காணாமல் விழித்தார்கள். வேறு கடைக்குப் போய்விட்டார்கள். உச்சிவேளையில் கடைக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். மந்தையன் ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருந்தான். துருவி மறுபக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கரடியார் வந்தார். பின்னால் தெருவே திரண்டு வந்தது.

"சரம் எங்கேம்மா?"

"எடுத்துட்டேன் ஐயா."

"அப்ப விலை எவ்வளவு?"

"முதல்ல சாப்பிடுங்க."

கரடியார் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். துவையலைத் தொட்டு ஒரு வாய் குடித்தார். பழக்க தோஷத்தில் வாசலை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. மந்தையனைப் பார்த்தார். அவன் தொன்னையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது வாய் குடித்தார்.

"இன்னிக்குக் குறுகுறுப்பு இல்லையே?"

"இல்லை ஐயா."

"அது நல்லதா, கெட்டதா?"

"சாப்பிடறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

பின்னால் நின்ற கூட்டம் கரடியாரின் வாயையே பார்த்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. குனிந்து மெல்லிய குரலில், "வேலம்மா, விலையை மட்டும் சொல்லிடு. நல்லா இருக்கா இல்லையான்னு உடனே சொல்லிடறேன்" என்றார்.

மரம் வேலம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. பத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லுங்க ஐயா. விலையை உடனே சொல்லிடறேன்" என்றாள்.

கரடியாருக்கு வேறு வழி இல்லை. மூன்றாவது வாயை மெதுவாகக் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கினார். நான்காவது வாய்க்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே குடித்தார். தொன்னை காலியாயிற்று. அடியில் ஒட்டியிருந்த துவையலை நாக்கால் நக்கினார். பிறகு தொன்னையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்தும்மா."

"ஐயா, நல்லா இருக்கா?"

"அதான் இன்னொண்ணு கேக்கறேன்ல! நாவல் மரத்தடி உனக்குத்தான். இப்பவாவது விலையைச் சொல்லு."

"ரெண்டு குன்றிமணி ஐயா."

கரடியார் வாய்க்குக் கொண்டுபோன தொன்னையைப் பாதியில் நிறுத்தினார். தொன்னைக்குள் எட்டிப் பார்த்தார். வேலம்மாவைப் பார்த்தார்.

பிறகு குடித்தார்.

நீதி: விலையைக் கேட்டு உணவின் தரத்தை முடிவு செய்யாதே, உண்டு பார்த்து முடிவு செய்.